பெயரை மாற்றியது போதும், படியை மாற்றுங்கள்

நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் முழுதாக வாசித்துவிட்டு ஏசுங்கள்.

டிசம்பர் 3 நெருங்கினால் நம்மூர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கும். 'ஹேண்டிகேப்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பாவிக்காதீர்கள். இங்கிலாந்து மன்னன் ஏழாம் ஹென்றியின் காலத்தில் போரில் கை கால் இழந்த படைவீரர்களுக்குத் தொப்பியைக் கையில் ஏந்திப் பிச்சை எடுக்க அனுமதி கொடுத்தார்கள். அந்தத் தொப்பி ஏந்திய கைதான் இந்தச் சொல். ஆகவே இனிமேல் 'மாற்றுத்திறனாளி' என்று சொல்லுங்கள். கீழே கண்ணீர் வடிக்கும் முகம் நாலு, 'பகிருங்கள்' என்று ஒரு கட்டளை.

கதை பொய். அந்தச் சொல் 17 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு பண்டமாற்று விளையாட்டுக்கு இருந்த பெயர். இரண்டு பேர் தங்கள் பொருட்களை மாற்றிக்கொள்ள விரும்புவார்கள். மூன்றாமவர் நடுவராக இருந்து எது மதிப்புக் கூடியது, மேலதிகமாக எவ்வளவு காசு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வார். எல்லோரும் பந்தயக் காசை ஒரு தொப்பிக்குள் போடுவார்கள். இரண்டு பேரும் தொப்பிக்குள் கையை விட்டு எடுக்கும்போது, சம்மதமா இல்லையா என்பது கையைத் திறந்தால் தெரியும். தொப்பிக்குள் கை, அவ்வளவுதான். பிச்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிறகு அந்தப் பெயர் குதிரைப் பந்தயத்துக்குப் போனது. வேகமான குதிரையின் முதுகில் நடுவர் மேலதிகப் பாரம் ஏற்றி, மற்றக் குதிரைகளோடு சமமாக ஓட விடுவார். அந்தப் பாரத்துக்கும் அதே பெயர். மனிதர்களைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லத் தொடங்கியது 20 ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில்தான்.

பொய்க் கதையை விட உண்மைக் கதை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. குதிரையின் காலில் ஒரு குறையும் இல்லை. பாரத்தை ஏற்றியது வேறொருவர். சக்கர நாற்காலியில் வரும் ஒரு பிள்ளைக்கு முன்னால் ஆறு படி கட்டி வைப்பதும் அதே வேலைதான். அந்தப் பிள்ளைக்குக் கால் இயங்காமல் இருப்பது அல்லாஹ்வின் ஏற்பாடு. படி அல்லாஹ்வின் ஏற்பாடு இல்லை. அது நம்மூர் மேசன் கட்டியது, நம்மூர்க் குழு காசு கொடுத்தது. (பிரித்தானியாவில் 1970களில் உடற்குறையுள்ளவர்களே சேர்ந்து இந்த வித்தியாசத்தை எழுத்தில் வைத்தார்கள். உடலில் உள்ள குறை ஒன்று, சமூகம் அதன் மேல் போடும் முட்டுக்கட்டை இன்னொன்று என்று.)

சொல்லைப் பற்றிய சண்டை நமக்கு மட்டும் உரியதல்ல. இந்தியாவில் ஹிந்தி பேசும் சாதாரண மக்களும் நம்மைப் போலத்தான், ஒருவரைக் காட்டி 'ஹேண்டிகேப்' என்றே சொல்வார்கள். நூல் ஹிந்தியில் அதற்கு 'விக்லாங்' என்று இருந்தது. குறைபட்ட அங்கம் உடையவர் என்று பொருள். 2015 டிசம்பர் 27 இல் பிரதமர் மோடி தன் வானொலி உரையில், இனி 'விக்லாங்' வேண்டாம், 'திவ்யாங்' என்போம் என்றார். தெய்வீக அங்கம் உடையவர். அடுத்த வருடமே மத்திய அரசின் திணைக்களத்தின் பெயர் மாறியது. 2016 இல் வந்த உரிமைச் சட்டத்தின் ஹிந்தித் தலைப்பும் 'திவ்யாங்ஜன்' ஆனது.

சம்பந்தப்பட்டவர்கள் சந்தோஷப்பட்டார்களா? ஊனமுற்றோர் உரிமைக்கான தேசிய மேடை போன்ற அமைப்புகள் வேண்டாம் என்றே எழுதின. எங்கள் உடலில் தெய்வீகம் ஒன்றும் இல்லை, புகையிரதத்தில் ஏற வழி இல்லை என்பதுதான் பிரச்சினை என்பது அவர்கள் வாதத்தின் சாரம். 2019 இல் ஐக்கிய நாடுகள் சபையின் உரிமைக் குழு இந்தியாவின் அறிக்கையைப் பரிசீலித்தபோது, இந்தச் சொல் இன்னும் சர்ச்சைக்குரியது என்று சுட்டிக்காட்டியது. காந்தி தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்கு 'ஹரிஜன்' என்று பெயர் வைத்ததும், அம்பேத்கர் அதை ஏற்க மறுத்ததும் ஞாபகம் வருகிறது. கடவுளின் மக்கள் என்று பெயர் கொடுத்தாலும் கிணற்றில் தண்ணீர் அள்ள விடவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். 'விக்லாங்'கிலும் அங்கம், 'திவ்யாங்'கிலும் அங்கம். நம் நாட்டு அரச தமிழில் இருக்கும் 'அங்கவீனர்' என்பதும் அதே வடமொழிக் குடும்பம்தான், அங்கம் இல்லாதவர் என்று பொருள். கண் பார்வை இல்லாத ஒருவருக்கு எந்த அங்கம் இல்லை? காது கேளாத பிள்ளைக்கு? இரண்டு கையும் இரண்டு காலும் சரியாக இருந்தும் படிவத்தில் 'அங்கவீனம்' என்ற கட்டத்தில் கோடு போட வேண்டியிருக்கிறது. 'ஊனம்' என்பதும் வடமொழியில் குறைவு என்ற பொருள்தான். சிங்களத்தில் 'ஆபாதித' என்கிறார்கள். அது பாளியில் நோயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மனிதனை எண்ணும்போது அங்கத்தையும் நோயையும் எண்ணுகிற பழக்கம் எல்லா மொழியிலும் உண்டு.

இலங்கைத் தமிழில் நாம் ஒரு தலைமுறைக்குள் எத்தனை சொல் மாற்றிவிட்டோம்? ஊனமுற்றோர், அங்கவீனர், வலது குறைந்தோர், வலுவிழந்தோர், விசேட தேவையுடையோர், மாற்று வலுவுள்ளோர். இப்போது தமிழ்நாட்டிலிருந்து வந்த மாற்றுத்திறனாளி. அங்கே கலைஞர் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது 2010 இல் 'ஊனமுற்றோர்' என்பதை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார். நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார். நொண்டி, முடம் என்று கூப்பிட்ட வாய்களை ஓரளவு அடக்கவும் செய்தது. அதை மறுக்க மாட்டோம்.

ஆனாலும் எங்களுக்கு அந்தச் சொல்லோடு ஒரு தகராறு உண்டு. என்ன மாற்றுத் திறன்? கண் தெரியாதவர் என்றால் நல்லாக் கிராஅத் ஓத வேண்டுமா? கை இல்லாதவர் காலால் படம் வரைந்து காட்ட வேண்டுமா? மூளைவாதத்தோடு பிறந்த ஒரு பையன், வாயில் வடியும் எச்சிலைக் கூடத் தானாகத் துடைக்க முடியாதவன், பாடவும் மாட்டான் வரையவும் மாட்டான். அவனுக்கு எந்தத் திறனைக் காட்டி இந்தப் பெயரைக் கொடுப்பீர்கள்? கண்ணும் காலும் சரியாக உள்ள நமக்கு எந்தத் திறமையும் இல்லாமலே மரியாதை கிடைக்கிறது. அவன் மட்டும் ஒரு வித்தை காட்டித்தான் மரியாதையை வாங்க வேண்டுமாம்.

நம்மூரில் இதைவிட ஒரு படி மேலே போய்விட்டார்கள். 'சுவர்க்கத்துப் பூக்கள்', 'சுவனத்துப் பறவைகள்'. ரமழானில் உலருணவுப் பொதி கொடுக்கும் படங்களுக்குக் கீழே இப்படித்தான் எழுதுகிறார்கள். பொதியைப் பிடித்தபடி பிள்ளை, பின்னால் கொடையாளிகள் ஏழு பேர். பிள்ளையின் முகத்தை மறைப்பதும் இல்லை, பெற்றாரிடம் கேட்பதும் இல்லை. அந்தப் படத்தை நாளைக்கு அவனுடைய ராத்தாவைப் பெண் கேட்டு வருகிறவர்களும் பார்ப்பார்கள் என்று யாரும் யோசிப்பதில்லை. ஒரு தாய் எங்களிடம் சொன்ன வார்த்தையை அப்படியே தருகிறோம்: "சேர், சுவர்க்கத்துப் பூ எண்டுதான் எல்லாரும் சொல்றாங்க. ஆனா பூவ ஸ்கூலுக்குச் சேர்க்க மாட்டாங்களாம்." மூன்று பாடசாலைப் படி ஏறி இறங்கிய தாய் அவர். ஓரிடத்தில் "விசேட அலகு உள்ள பாடசாலைக்குக் கொண்டு போங்க" என்றார்கள். அங்கே போனால் "ஆசிரியர் இல்லை" என்றார்கள். மற்ற இடத்தில் சொன்ன காரணம், மற்றப் பெற்றார் விரும்ப மாட்டார்களாம். மூன்று இடத்திலும் மரியாதையான சொல்தான் பாவித்தார்கள்: "விசேட தேவையுடைய பிள்ளை." யாரும் நொண்டி என்று சொல்லவில்லை.

இந்தப் பக்கத்தை வாசிக்கும் சிலர் இப்போது கைதட்டுவார்கள் என்று தெரியும். "அதானே சேர், சொல்லில என்ன இரிக்கி, ஊமைய ஊமை எண்டு சொல்றதில என்ன பிழை" என்று. அவர்களோடும் நாங்கள் இல்லை.

முதலாவது, 'ஊமை' என்பது பெரும்பாலும் பொய். காது கேளாத பிள்ளைக்குப் பேச மொழி இருக்கிறது. சைகை மொழி விளையாட்டுச் சைகை இல்லை, இலக்கணத்தோடு உள்ள முழு மொழி. அந்தப் பிள்ளைக்குப் பேசத் தெரியும், நமக்குத்தான் அந்த மொழி தெரியாது. இரண்டாவது, அந்தச் சொல்லை நீங்கள் எப்போது பாவிக்கிறீர்கள் என்று பாருங்கள். வகுப்பில் பதில் சொல்லாத பிள்ளைக்கு 'ஊமையா நீ', கூப்பிட்டுத் திரும்பாதவனுக்கு 'செவிடா', கொப்பியில் பிழை விட்டவனுக்கு 'குருடா', கணக்குப் பிழைத்தால் 'மந்தம்'. இப்போது புதிதாக 'ஓட்டிசமா உனக்கு' என்பதும் சேர்ந்திருக்கிறது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஆளை ஆள் பகிடி பண்ணப் பாவிக்கிறார்கள். ஆக அவை வெறும் விபரம் சொல்லும் சொற்கள் இல்லை. அடிக்கிற சொற்கள். அதே வகுப்பின் கடைசி வாங்கில் உண்மையிலேயே காது குறைவான பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கும்.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பட்டப் பெயர் சூட்டிக் கூப்பிட வேண்டாம் என்பது ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11 ஆம் வசனத்தின் கட்டளை. அதே நேரம் ஹதீஸ் அறிவிப்பாளர்களில் அல் அஃமஷ் என்றும் அல் அஃரஜ் என்றும் பெரிய இமாம்கள் இருக்கிறார்கள். முன்னது கண் பார்வை மங்கியவர், பின்னது கால் தாங்கி நடப்பவர். அடையாளத்துக்காகச் சொல்வது வேறு, இழிவுக்காகச் சொல்வது வேறு என்று உலமாக்கள் பிரித்தார்கள். ஒரே சொல், எந்த நோக்கத்தில் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பார்த்தார்கள்.

இதைவிட முக்கியமானது ஸூரா அபஸ. குறைஷித் தலைவர்களோடு நபி (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) வந்தார். நபியவர்கள் முகம் கடுத்தார்கள். வசனம் இறங்கியது. அந்த வசனத்தில் அவருக்கு என்ன பெயர்? 'அல் அஃமா'. குருடர், அவ்வளவுதான். 'தெய்வீகக் கண் உடையவர்' என்று இல்லை, பூ என்று இல்லை. அரபிகளிடம் பார்வையற்றவரை மரியாதைக்காக 'பஸீர்', அதாவது பார்வையுள்ளவர் என்று அழைக்கும் வழக்கம் இருந்தும், அந்த இடத்தில் நேரான சொல்தான் வந்தது. கண்டிப்பு வந்தது சொல்லுக்காக அல்ல, முகம் திருப்பியதற்காக. அதன் பிறகு நடந்தது என்ன? அதே தோழர் மஸ்ஜிதுந் நபவியின் முஅத்தின்களில் ஒருவர். நபியவர்கள் மதீனாவை விட்டு வெளியே போனபோது பல தடவைகள் ஊருக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்டவர். உலருணவுப் பொதி கொடுத்துப் படம் எடுக்கவில்லை, பதவி கொடுத்தார்கள்.

தொழுகைக்குக் கூட்டி வர ஆள் இல்லை, வீட்டில் தொழ அனுமதி உண்டா என்று பார்வையற்ற ஒருவர் கேட்ட ஹதீஸும் நமக்குத் தெரியும். பாங்கு கேட்கிறதா என்று நபியவர்கள் கேட்டார்கள். ஆம் என்றார். அப்படியானால் வாருங்கள் என்பது பதில். இதைக் குத்பாவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம்; ஜமாஅத் தொழுகைக்கு வராத வாலிபர்களுக்கு ஏசுவதற்காகச் சொல்வார்கள். எங்களுக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. வாருங்கள் என்று கூப்பிட்டால், வருவதற்கு வழி இருக்க வேண்டும். ஒலிபெருக்கி நாலு திசைக்கும் போட்டிருக்கிறோம். வாசலில் சாய்வுப் பாதை இல்லை.

நம்மூர்க் கணக்குக்கு வருவோம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதம், ஏறத்தாழ 16 இலட்சம் பேர், ஏதோ ஒரு வகையில் பார்க்க, கேட்க, நடக்க, நினைவில் வைக்க, தம்மைத் தாமே பராமரிக்க அல்லது பேசச் சிரமப்படுபவர்கள். ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவர். யுத்தத்தையும், 2004 டிசம்பர் 26 இல் ஒரே நாளில் 10,000 உயிர்களுக்கு மேல் பறிகொடுத்ததையும் கண்ட மாவட்டம் இது. அதற்கு மேல் இப்போது சீனி வருத்தம். கால் விரலில் தொடங்கி முழங்கால் வரை வெட்டுப்பட்டவர்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் உண்டு. ஜும்ஆவில் ஸஃப் ஸஃபாக எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டில் ஒருவர் எங்கே? வீட்டில் கட்டிலில் இருக்கிறார். "அவருக்கு ஜும்ஆ கடமை இல்லைதானே" என்று நாமே ஃபத்வாவும் கொடுத்துவிட்டோம். சலுகை அவருக்கு அல்லாஹ் கொடுத்தது. அதை எடுத்து நம் படிக்குச் சாட்டாக வைத்துக்கொள்ள முடியாது.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1988 இலேயே அரச வேலையில் 3 சதவீதம் இவர்களுக்கு என்று சுற்றறிக்கை வந்தது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வேலைக்கு எடுப்பதிலும் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதிலும் உடற்குறையைக் காட்டிப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. மேலே சொன்ன தாய்க்கு இதைச் சொன்னபோது அவர் முதன்முதலாகக் கேள்விப்பட்டார். 2006 ஒக்டோபரில் பொதுக் கட்டடங்களுக்கான அணுகு வசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. சக்கர நாற்காலியில் வாழ்ந்த அஜித் பெரேரா என்ற மனிதர் தாமே உயர் நீதிமன்றம் போய், புதிய பொதுக் கட்டடங்கள் அந்த ஒழுங்குவிதிகளை மீறக் கூடாது என்று 2009 ஏப்ரலில் கட்டளை பெற்றார். ஐ.நா. சமவாயத்தை நம் நாடு 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. தேதிகளைப் பாருங்கள். சுனாமிக்குப் பிறகு கல்முனை தொடக்கம் பொத்துவில் வரை பள்ளிவாசல், பாடசாலை, மண்டபம் என்று எத்தனை புதுக் கட்டடங்கள் எழும்பின. வெளிநாட்டுக் காசு, நல்ல மாபிள், உயரமான மினாரா. மினாராவுக்குச் செலவழித்ததில் நூறில் ஒரு பங்கு போதும் வாசலில் ஒரு சாய்வுப் பாதைக்கு.

சில இடத்தில் சாய்வுப் பாதை இருக்கிறது என்பீர்கள். பார்த்திருக்கிறோம். அது மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்கு. பொதுவாகச் சொல்லப்படும் அளவு 1:12. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் ஒன்றரை அடி உயரம். பாதை பதினெட்டு அடி நீளம் வேண்டும். நம்மூரில் அதை நாலடியில் முடித்து விடுகிறார்கள். அதில் சக்கர நாற்காலியை ஏற்றினால் பின்னால் தள்ளுகிறவரோடு சேர்ந்து குப்புற விழ வேண்டியதுதான். வுழூ எடுக்கும் இடம் இன்னும் மோசம், வழுக்கும் டைல்ஸ், பிடிக்கக் கம்பி இல்லை. இது சக்கர நாற்காலிக்காரருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கதிரையில் இருந்து தொழும் நம் வாப்பாமார் வரிசை ஒவ்வொரு வருடமும் நீளுகிறது.

கடந்த டிசம்பர் விழா ஒன்றில் மேடையின் பதாகையில் 'மாற்றுத்திறனாளிகளை வலுவூட்டுவோம்' என்று பெரிய எழுத்து. மேடைக்கு ஐந்து படி. பரிசு வாங்க வேண்டியவர்கள் கீழே காத்திருந்தார்கள், அதிதிகள் மேலே இருந்து குனிந்து கொடுத்தார்கள். யாருக்கும் உறுத்தவில்லை. பதாகையில் எழுத்துப் பிழை கூட இல்லை. (நம் நாட்டு பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கான ஆசனத்தில் 'தாய்' 'நாய்' ஆனபோது எத்தனை கோபப்பட்டோம். அந்தக் கோபத்தில் பாதி இந்த ஐந்து படிக்கும் வந்திருக்கலாம்.)

அப்போ என்ன சொல்லித்தான் கூப்பிடுவது என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கிறார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பிள்ளைக்குப் பெயர் இருக்கிறது, வாப்பா அகீகா கொடுத்து வைத்த பெயர். பொதுவாகச் சொல்ல வேண்டி வந்தால் அவர்களிடமே கேளுங்கள். பார்வை இல்லாதவர்களின் சங்கங்கள் நம் நாட்டில் 'விழிப்புலனற்றோர்' என்று தங்களைச் சொல்கின்றன. காது கேளாதவர்கள் 'செவிப்புலனற்றோர்' என்கிறார்கள். 'மாற்றுத்திறனாளி' பிடித்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவரை அப்படியே அழையுங்கள், எங்கள் தகராறை அவர் மேல் சுமத்த வேண்டாம். பிரித்தானியாவில் ஒரு வழக்கம், அமெரிக்காவில் இன்னொரு வழக்கம். எல்லோருக்கும் ஒரே சொல் என்று ஒரு மேடையில் இருந்து தீர்மானிக்கும் அதிகாரம் பிரதமருக்கும் இல்லை, வட்ஸ்அப் குழும நிர்வாகிக்கும் இல்லை.

கடைசியாக ஒரு விடயம். எங்கள் மஹல்லாவின் பள்ளிவாசல் வாசலை நாங்கள் நாலு ஆசிரியர்கள் இஷாவுக்குப் பிறகு டேப் வைத்து அளந்தோம். மூன்று படி, உயரம் சரியாகப் பதினெட்டு அங்குலம். வலது பக்கச் சுவரோரமாக இருபத்திரண்டு அடி வெறும் நிலம், செருப்பு வைக்கும் தட்டைக் கொஞ்சம் தள்ளினால் பாதை போகும். மேசன் ஒருவரிடம் சீமெந்து, மணல், கைபிடிக் கம்பிக் கணக்குக் கேட்டு வைத்திருக்கிறோம். நம்பிக்கையாளர் சபைக்குக் கடிதம் எழுதியாகிவிட்டது. மஹல்லாவில் சக்கர நாற்காலியில் இருக்கும் இரண்டு பேரும், கண் பார்வை இல்லாத ஒரு மூத்தாப்பாவும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருக்கிறார்கள். வரும் வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் கொடுக்கப் போகிறோம். அந்த நேரம் வாசலில் நிற்க விரும்புகிறவர்கள் வாருங்கள். மற்ற ஊர்க்காரர்கள் உங்கள் பள்ளிவாசல், உங்கள் பிள்ளை படிக்கும் பாடசாலை வாசல்களை அளந்து, படி எத்தனை, உயரம் எவ்வளவு என்று கீழே எழுதுங்கள். மாஷா அல்லாஹ் என்று மட்டும் எழுத வேண்டாம், அங்குலத்தில் எழுதுங்கள்.